மூஞ்சியில் பார்க்கும் மணம்

"நான் இப்ப பீரை மணத்துல பாக்கல்ல மக்கா, மூஞ்சியில பாக்கேன்."

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிச் சொன்னார். பெங்களூரில் பீர் காய்ச்சுகிறவராம். பக்கத்தில் இருந்த கூட்டாளிக்கும் அதே தொழில்தான்.

"வெளங்கல்லியே."

"காய்ச்சல் வந்த பொறவு மணமே தெரியல்ல. கூட நிக்கவனுக்குக் குடிக்கக் குடுப்பேன். அவன் மூஞ்சி கோணலேன்னா நல்ல பீரு."

"கொள்ளாம்! மொதலாளிட்ட சொன்னியா?"

"சொன்னா வேலைய விடணும். எனக்கு வேற என்னல தெரியும்?"

கூட்டாளி சிரிக்கவில்லை. பீரில் போடும் ஹாப்ஸ் பூவைப் பையிலிருந்து கொஞ்சம் எடுத்து, கசக்கி, அவர் மூக்கருகே நீட்டினார்.

"இது நல்லதா, கெட்டதா? எம் மூஞ்சியப் பாக்காமச் சொல்லு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்சீட்டில் எனக்கே அழுக்குச் சாக்ஸ் வாடை அடித்தது. கொட்டாரத்தில் ஆட்கள் இறங்கி பஸ் கிளம்பியும் விட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.