காளிமுத்து அண்ணனுக்கு இன்னும் ஒன்பது நாள்

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஐயா சாமிநாதன் அவர்களே! புலாவ் செபாங் தோட்டத்திலிருந்து லாரியேறி வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் அமர்த்திக்கொண்டு என்னையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் வசந்தனின் வணக்கம்.

பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் எனக்குக் கணினி வேலை. நம் சங்கத்தின் இரத்ததானப் பட்டியலை இணையத்தில் ஏற்றியபோது எனக்கு மாலை போட்டீர்கள். இன்று நான் பேச வந்தது என் பிழையைப் பற்றி.

இரத்தம் கொடுத்தவர் மூன்று மாதம் மறுபடி கொடுக்கக் கூடாது. இந்த விதியை நான் எங்கே எழுதினேன்? வலைப்பக்கத்தில் நிரப்பும் படிவத்தை வாங்கி உள்ளே அனுப்புகிற கண்ட்ரோலரில் எழுதினேன். வாசலில் காவல் வைத்தேன். வருவோரை எல்லாம் வினவினேன். வல்லவன் என்று நிமிர்ந்து நின்றேன்!

பங்குனி உத்திரம் வந்தது. வேண்டுதலாகத் தோட்டமே வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தது. அங்கேயே நம் சங்கத் தங்கை மலர்க்கொடி நாற்பது பெயரையும் கொடுத்த தேதியோடு எழுதி, டிஸ்க்கில் ஏற்றித் தந்தார். நான் அதை நேராகப் பட்டியலில் கொட்டினேன். கண்ட்ரோலர் பக்கமே அது போகவில்லை. அன்றுதான் கொடுத்த நாற்பது பேரும் 'தயார்' என்று பதிவாகிவிட்டார்கள்!

என்ன அண்ணே? டிஸ்க்தான் கோளாறா என்கிறீர்களா? டிஸ்க் பாவம், மலர்க்கொடியும் பாவம். கோளாறு நான்தான்.

நாற்பது நாள் கழித்து, பிரசவத்தில் நம் கோமளாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அரிய வகை இரத்தம். பட்டியல் ஐந்து பேரைக் காட்டியது. ஐவரும் ஓடோடி வந்தார்கள். கொடுத்து மூன்று மாதம் ஆகவில்லை என்று ஐவரையும் மருத்துவமனை திருப்பி அனுப்பியது. "நா இருக்கேன், ஒடம்புல ரத்தம் இருக்கு, ஏந்தம்பி வேணாங்கிறாங்க?" என்று அந்த ஐவரில் ஒருவரான காளிமுத்து அண்ணன் என் கையைப் பிடித்து அழுதார். அதே வகை இரத்தமுள்ள விஜயராணி அக்கா பாயா ரும்புட்டிலிருந்து வந்து சேர இரண்டு மணி நேரம். கோமளா பிழைத்தார். அதோ, மூன்றாம் வரிசையில், கையில் குழந்தையோடு!

ஒரு வாசலுக்கு மட்டும் சட்டம் என்றால் அது சட்டமா? விதியை இப்போது கண்ட்ரோலரிலிருந்து எடுத்து, ஒவ்வொருவரின் பதிவுக்குள்ளேயே வைத்துவிட்டேன். வலைப்பக்கம் வழியே வரட்டும், டிஸ்க் வழியே வரட்டும், நாளை எவனோ கண்டுபிடிக்கும் புதுவழியில் வரட்டும். அந்தப் பதிவே தன்னைச் சோதித்துக்கொள்ளும். சரியில்லை என்றால் பட்டியலில் ஏறாது.

இன்று காலை அதே டிஸ்க்கைப் போட்டேன். நாற்பது பெயரையும் மறுத்தது. முதல் வரி: 'காளிமுத்து, இன்னும் ஒன்பது நாள்.'

"ஒம்பது நாளுதானே லா! பத்தாம் நாளு நானே வந்து நிக்கிறேன் தம்பி!"

கேட்டீர்களா அண்ணன் குரலை? அன்று அழுத குரல் அது. அண்ணே, இனி உங்களைக் கூப்பிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அந்தப் பத்தாம் நாளுக்கு இப்போதே நன்றி சொல்லி, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.