புதுநன்மைக்கு வந்த சிவப்பு கவுன்

விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் 14.11.2018 அன்று மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயர் சவுரிராயன், வயது 38, தகப்பனார் பெயர் இன்னாசிராஜ். திண்டிவனம் மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். எனக்கும் என் மனைவி அமலாவுக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. எங்கள் ஒரே மகள் வெனிலாவுக்கு வயது ஒன்பது, அவளுக்குப் பார்வை உண்டு.

கடந்த மே மாதம் வெனிலாவுக்கு எங்கள் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை, கொடுப்பதாக இருந்தது. அதற்கு வெள்ளை கவுன்தான் போட வேண்டும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி என் செல்போனில் உண்டு என்பதால், எதிர்மனுதாரரின் ஆன்லைன் துணிக்கடையை அதில் திறந்தேன். அளவு, துணி, விலை எல்லாவற்றையும் போன் வாசித்தது. நிறம் வந்ததும் “பொத்தான், பொத்தான்” என்று மட்டுமே சொன்னது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து அலுத்துப்போன பிறகு கடையின் உதவி எண்ணில் பேசினேன். நிறங்கள் வட்டங்களாக இருக்கின்றன, முதல் வட்டம் வெள்ளை என்று அங்கே ஒரு பெண் சொன்னார். அதன் பிறகு போன் முதலில் வாசித்த பொத்தானை அழுத்தி ஆர்டர் கொடுத்தேன். உண்மையான முதல் வட்டத்தைப் போன் வாசிக்காதபடி கடையை அமைத்திருந்தார்கள் என்பதும், நான் அழுத்தியது இரண்டாவது வட்டம் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

புதுநன்மைத் துணியை ஒன்பது நாள் செபமான நவநாள் முடியும்வரை மாதா சொரூபத்தின் முன் பிரிக்காமல் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பார்சலை அப்படியே வைத்தோம். புதுநன்மை அன்று காலை வெனிலாவே பிரித்தாள். சத்தத்தையே காணோம். என்னம்மா என்று என் மனைவி கேட்டதற்கு, “செவப்பா இருக்குதும்மா” என்றாள். அதன் பிறகு என் மனைவி பக்கத்து வீட்டு சூசை மேரியிடம் போய், அவர் மகள் போட்ட பழைய வெள்ளை கவுனை வாங்கி வந்து, தொளதொளவென்று இருந்ததை ஊக்கு குத்திப் போட்டுவிட்டார். பூசை முடியும்வரை வெனிலா இடுப்பைப் பிடித்துக்கொண்டே நின்றதாக சூசை மேரி சொன்னார்.

அதன் பிறகு கவுனைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். அதற்கு அந்த ஆன்லைன் கடை, போனால் வாசிக்க முடியாத ஒரு படத்தில் தெரியும் எழுத்துகளை டைப் செய்யச் சொன்னது. எனக்குக் கண் தெரியும் என்று நிரூபித்தால்தான் துணியைத் திரும்ப எடுப்பார்களாம். மறுபடி உதவி எண்ணில் பேசியபோது ஒருவர், “கண்ணு தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட வெச்சிக்கினு வாங்குங்க சார்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை தெருவில் இருந்தாலும் செல்போனில் இருந்தாலும் எங்களைப் போன்றவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கேட்கலாம் என்று என் வக்கீல் கிருஷ்ணவேணி சொன்னதன் பேரில் இந்த மனுவைப் போட்டேன். இன்று காலை மன்ற வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல், வெள்ளை கவுன் ஒன்று இலவசமாகத் தருவதாகவும் மனுவை வாபஸ் வாங்கும்படியும் கேட்டார். “கவுன் இனிமே எதுக்குங்க? அந்த வட்டத்துக்கெல்லாம் பேரு வைங்க, போதும்” என்றேன்.

பிறகு விசாரணையில், கண் தெரிந்த மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவளிடம் காட்டாதது என் தவறுதானே என்று அதே வக்கீல் கேட்டார். அவள் பிறந்தபோதே, இவளை நமக்குக் கண்ணாக்கிவிடக் கூடாது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்து, இத்தனை வருடம் அப்படியே நடந்துவந்தோம். உதவி எண்ணில் அந்த ஆள் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெனிலாவும் கேட்டாள். என் கையிலிருந்து போனை வாங்கி, “இனிமே நானே பாத்து வாங்கறேன்ப்பா, நீ பேஜாரு பண்ணிக்காத” என்றாள். அன்று முதல் விளையாடப் போகும்போதெல்லாம், ஏதாவது பார்த்துச் சொல்ல வேண்டுமா என்று கேட்டு நின்றுவிட்டுத்தான் போகிறாள். இதற்கு என்ன இலவசம் தருவார்கள் என்று தெரியவில்லை.

மேலே எழுதியதெல்லாம் நான் சொன்னதே, உண்மையே. அலுவலர் வாசிக்கக் காதால் கேட்டு, அவர் என் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) இ. சவுரிராயன்