குப்பியில் வெண்படலம்

காலையில் நாட்டோ இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. புளித்து நூல் விடும் அந்தச் சோயாவைச் சுடுசோற்றில் கலந்து சாப்பிட்டுவிட்டு, முழங்கை வரை இரண்டு முறை கழுவிக்கொண்டுதான் ஆய்வுக்கூடத்துக்குப் போவேன். சுத்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை, பக்கத்து மேசை இகராஷி சாயோரியைத் தவிர.

எங்கள் வேலை, ஒன்றோடொன்று சேராத லில்லி இனங்களைச் சேர்ப்பது. கரு உருவாகும், தாய்ச்செடி அதை வளர்க்காது. காயிலேயே பட்டினியில் செத்துப்போகும். அதற்குள் காயை அறுத்துக் கருவை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் ஊட்டி வளர்க்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் எனக்குப் பிழைத்தவை பதினான்கு. மாதம் ஒருமுறை புது ஊட்டத்துக்கு அவற்றை மாற்றும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. போன பனிக்காலத்தில் அவை ஒவ்வொன்றாக வெண்படலம் கட்டி அழுகின.

சாயோரியின் குப்பிகள் பளிச்சென்று இருந்தன. ஒரே அறை, ஒரே காற்று. வேறு என்ன நினைப்பது, நீங்களே சொல்லுங்கள். மூடிகளில் மெல்லிய நூல் கட்டி வைத்தேன். நூல் அறுபடவில்லை, குப்பி மட்டும் அழுகியது. அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று அப்போதுதான் புரிந்தது.

நான்கே மிஞ்சியபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நெமோதோ சார், கோவிச்சுக்காதீங்க. அந்த நாட்டோவ ஒரு மாசம் விட்டுத்தான் பாருங்களேன். அதுல இருக்கிற கிருமி சோப்புக்கும் சாகாது, ஸ்பிரிட்டுக்கும் சாகாது."

செய்வதையும் செய்துவிட்டு, பழியை என் சாப்பாட்டின் மேல் போடுகிறாள்.

மறுநாள் மதியம் கத்தியைச் சுட அவள் தீயேற்றி வைத்திருக்கும் விளக்கடியில் ஸ்பிரிட் டப்பாவைத் திறந்து வைத்தேன். தூசிக்காக அவள் எப்போதும் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன், அவ்வளவுதான். தட்டினாள். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். என் நான்கு குப்பிகளையும் முன்பே வெளியே எடுத்திருந்தேன். சத்தம் ஓயும்வரை அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய், என் கையாலேயே புது ஊட்டத்துக்கு மாற்றி, சாப்பாட்டு மேசையில் கண்ணெதிரே வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் நான்கிலும் வெண்படலம்.

ஆக, இன்ஸ்பெக்டர், சாயோரி இதைத் தனியாகச் செய்யவில்லை. என் வீட்டுச் சாவி என்னைத் தவிர என் மனைவியிடம் மட்டும்தான் இருக்கிறது. அதற்காகத்தான் நானாக உங்களைத் தேடி வந்தேன். அவளை நீங்கள் விசாரிக்கிறீர்களா, நானே பார்த்துக்கொள்ளட்டுமா?