கீச்சுச் சத்தம் வர்ற ஜோடி

இந்த ஷூ வேணாம்மா. நீயும் அழகா இருக்கு, அழகா இருக்குன்னு எடுத்துக் காட்டிக்கிட்டே இருக்க, நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? குதிகாலை அமுக்கு, கேப்போம். ஹூம், இது எலி தும்மற மாதிரி இருக்கு. இதைவிடப் பெருசா கத்தறது இருக்கா? கலர் எந்த எழவா இருந்தாலும் சரி. அளவு பொருந்தணும், அடுத்த ரூம்ல நடந்தா இந்த ரூம்ல கேக்கணும், அவ்வளவுதான்.

பேத்திதான். மகன் வயித்துப் பேத்தி. இதே பில்டிங்தான், லிஃப்ட்ல இறங்கினா உங்க கடை. இப்பதான் ஒரு மாசமா நடக்கறா. நடக்கறான்னா, நாலு அடி வெப்பா, பொத்துனு உக்காருவா, அப்புறம் கெக்கெக்கேன்னு சிரிப்பா, என்னமோ நாமதான் விழுந்துட்ட மாதிரி. நீயே மாட்டி விடும்மா, எனக்குக் குனிஞ்சா முட்டி ஒத்துக்காது.

என்னது, வீட்டுக்குள்ள குழந்தைக்கு ஷூ எதுக்குன்னா? வா வா, நீயும் அந்தக் கட்சியா? எங்க வீட்ல ஏற்கெனவே ரெண்டு கட்சி. மருமக வெறுங்கால் கட்சி. அவளைப் பெத்த சம்பந்தியம்மா ஷூ கட்சி, வீடியோ கால்லயே பிரசாரம் பண்ணுவாங்க, காலு சில்லுனு ஆயிடும், சளி பிடிக்கும், யாராவது பாத்தா நம்மள என்ன நினைப்பாங்கன்னு. எம்மவன் எந்தக் கட்சின்னு கேக்காத. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடி. நீ சொல்றதும் சரிதான், அத்தை சொல்றதும் சரிதான்னுட்டு பாத்ரூமுக்குள்ள போயிடுவான். சண்டை ஓஞ்சப்புறம்தான் வெளிய வருவான்.

மருமகளைக் குத்தம் சொல்லலம்மா. நல்ல பொண்ணு. மாத்திரை போட்டாச்சா மாமான்னு ஆபீஸ்லேருந்து போன் பண்ணுவா. ஒரே வியாதி, எதையும் படிச்சுட்டுத்தான் செய்வா. குழந்தை கொட்டாவி விட்டாக்கூட போனை எடுத்து, இந்த வயசுல இவ்வளவு கொட்டாவி விடலாமான்னு தேடுவா.

இவ நடக்க ஆரம்பிச்சதும் மறுபடி படிச்சா. பாதம் தரையைத் தொட்டாத்தான் விரல் பிடிமானம் கத்துக்குமாம், பாதத்துல வளைவு வருமாம், விழாம நிக்குமாம். குழந்தை டாக்டரும் அதையேதான் சொன்னார். வீட்டுக்குள்ள வெறுங்கால் போதும், வெளிய போனா மெத்துனு ஒண்ணு மாட்டுங்கன்னார். சரி, ஒத்துக்கறேன். பெரியவங்க சொன்னா கேட்டுக்கறேன், நானும் பெரியவன்தான்னு யாருக்கும் ஞாபகம் இல்ல, பரவால்ல. ஆனா மறு வாரமே ஒரு பார்சல் வருது. பிரிச்சா ஷூ! என்னம்மா, வெறுங்கால்னியேன்னா, இது வெறுங்கால் ஷூ மாமாங்கறா. போட்டா போடாத மாதிரியே இருக்குமாம். போடாத மாதிரி இருக்கணும்னா போடாமலே இருந்துட்டாப் போச்சு! விலையைக் கேட்டதும் உக்காந்துட்டேன். இல்லாத மாதிரி இருக்கறதுக்கே இவ்வளவுன்னா, இருக்கற மாதிரி ஒண்ணு வாங்கியிருந்தா வீட்டை வித்திருக்கணும்.

அதோட விட்டாளா? ஹால்ல ஒரு விரிப்பு. கூழாங்கல் மாதிரி ஒரு கட்டம், புல்லு மாதிரி ஒரு கட்டம், மணல் மாதிரி ஒரு கட்டம், எல்லாமே பிளாஸ்டிக். குழந்தை பாதம் எல்லாத்தையும் உணரணுமாம். ஏம்மா, கீழ இறங்கினா நிஜ மண்ணே கெடக்கு, நான் கூட்டிட்டுப் போறேனேன்னேன். ஐயோ மாமா, கிருமிங்கறா.

நானா? நான் டிரில் மாஸ்டர்மா. ரிடையர் ஆகற வரைக்கும் அதே பள்ளிக்கூடம், அதே மைதானம். ஷூ போடாம வந்தவனையெல்லாம் வெறுங்காலோடயே மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டவன். இவ படிச்சது நெஜம்னா, அவனுங்க பாதமெல்லாம் பிரமாதமா வளந்திருக்கும். எனக்கு சிலை வெக்கணும் அவனுங்க.

அந்தப் பழக்கம்தான்னு வெச்சுக்கயேன். நடைன்னா காதுல விழணும் எனக்கு. அதான் போய் இந்தக் கீச்சு ஷூ ஒரு ஜோடி வாங்கிட்டு வந்தேன். மருமக ஒரு நாள் தாங்கினா. மறுநாள், காதுக்குக் கெடுதல் மாமா, சத்தம் வரணும்னே காலை ஓங்கி ஓங்கி வெக்கறா, நடையே கெட்டுடும்னு, ஊக்கை விட்டு நோண்டி உள்ள இருந்த விசிலை எடுத்துட்டா. சர்வீஸ் பூரா என் விசிலை ஒருத்தன் பிடுங்கினதில்லம்மா!

விடுவேனா? ரெண்டாவது ஜோடி வாங்கி ஒளிச்சு வெச்சேன். காலையில ரெண்டு பேரும் கிளம்பி லிஃப்ட் கதவு மூடற சத்தம் கேட்டதும் மாட்டி விட்டுடுவேன். சாயங்காலம் லிஃப்ட் திறக்கறது கேட்டதும் கழட்டிடுவேன். திருடன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான். போன வாரம் ஒரு நாள் நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன், மருமக மத்தியானமே வந்து நிக்கறா. நம்ம ஆளு கீச்சு கீச்சுனு தத்தித் தத்திப் போய் வரவேற்கறா. காட்டிக் குடுத்துட்டா கழுதை. அந்த ஜோடியும் குப்பைக்குப் போச்சு.

கத்தியிருந்தா பரவால்ல. அவ கத்தல. மெதுவா சொன்னா, மாமா, ஒரு சின்ன விஷயம் சொன்னாக் கேக்க மாட்டேங்கறீங்க, இனி ஒரு தடவை இதைப் பாத்தேன்னா இவளை டே கேர்ல விட்டுடறேன், கோவிச்சுக்காதீங்கன்னு. செய்வாம்மா. சொன்னா செய்யறவ. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எனக்குன்னு இருக்கறது இந்தக் குட்டி ஒருத்திதான். என் வீட்டுக்காரி போனப்புறம் அந்த வீட்ல என்கிட்ட அதிகமாப் பேசறதே இவதான், ஒரு வார்த்தையும் புரியாதுன்னாலும். இவளும் போயிட்டா நான் சுவத்தோடயா பேசிக்கிட்டு உக்காந்திருப்பேன்?

அப்படி இருக்கறப்ப எதுக்கு மறுபடியும் வாங்கறேன்னா? நல்லாக் கேட்ட. நானும் ஒழுங்கா வெறுங்காலோடதான் விட்டேன். பூனை மாதிரி நடக்கறாம்மா. நேத்து ஹால்ல உக்காந்து அவளோட பேசிக்கிட்டே இருக்கேன், பேசிக்கிட்டே இருக்கேன், அவ எழுந்து போனதே தெரியல. கூப்பிட்டேன். கட்டிலுக்கடியில கையை விட்டுத் தடவினேன். அப்பதான் பாத்ரூம்ல சளக் சளக்னு தண்ணிச் சத்தம். பக்கெட் நிறையத் தண்ணி. விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு, பாதி உடம்பு உள்ள சாஞ்சு, கையால அடிச்சு விளையாடிக்கிட்டிருக்கா. இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருந்தா... வேணாம்மா, சொல்லவே வாய் வரல. அவளைத் தூக்கி வெச்சுக்கிட்டு அந்த ஈரத் தரையிலயே உக்காந்துட்டேன். ரொம்பப் பயந்துட்டேன்.

கதவைச் சாத்தி வெக்கலாமேன்னா? சாத்தித்தான் இருக்குன்னு நினைச்சேன்.

மாட்டியாச்சா? விடு, நடக்கட்டும். ஆ! இது கத்தறது! இது ஷூவா, லாரி ஹாரனா? கேட்டியா, இப்ப அந்தப் பக்கம் போறா. இப்ப திரும்பறா. உங்க நாற்காலி பக்கம் நிக்கறா போலருக்கு. இல்லையா? பெட்டி அடுக்கின இடமா? சரி, ஏதோ ஒண்ணு. இதையே பில்லு போடு. இதுக்கு மேல என்ன வேணும், அவபாட்டுக்கு நடப்பா, நான்பாட்டுக்கு... ஏம்மா. சத்தம் நின்னு போச்சே.

எங்க இருக்கா? அங்கன்னா எங்க? விளையாடாத, வாயால சொல்லு. கண்ணாடிக் கதவுகிட்டயா? திறந்திருக்கா? வெளிய வண்டி போகுதும்மா, போய்ப் பிடி, பிடி அவளை!

பிடிச்சுட்டியா? என் கையில குடு. இங்க, என் கையில. அப்பாடா. வாடி கழுதை. என்ன இது, வெறுங்காலா இருக்கு, ஷூ எங்க? அவளே கழட்டிட்டாளா? பட்டையைப் பிச்சுப் போட்டுட்டு நடந்தாளா? போச்சு போ. யாரும் படிச்சுச் சொல்லாமலே கட்சி மாறிட்டா.

என்ன கேட்ட, கண்ணு தெரியாதான்னா? ஆமாம்மா, எனக்குத் தெரியாது. இந்தக் கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சு. அந்தக் கண்ணுல கலங்கலா நிழல்தான். இனிமே வராதுன்னு கண்ணு டாக்டர் சொல்லிட்டார். வீட்ல சொல்லல. பழகின வீடு, சமாளிச்சுட்டேன். எல்லாரும் போனைத்தான பாக்கறாங்க, என் கண்ணை யாரு பாக்கறா? தெரிஞ்சா இவளை என்கிட்ட விட மாட்டாங்க. அதான் காதை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். இனிமே முடியாது போலருக்கு.

ஷூ வேணாம்மா, எடுத்து வெச்சுடு. இந்தா என் போன். மொதல்ல இருக்கற நம்பர் மருமகளோடதுதான், நீயே அமுக்கிக் குடு. நானே சொல்லிடறேன், டே கேர்ல இன்னிக்கே இடம் கேக்கச் சொல்லி. ரிங் போகுதா? சரி, அதை என் காதுல வெச்சுப் பிடி. குழந்தையை நீ வெச்சுக்கறியா? வேணாம்மா, பேசி முடிக்கற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்.