தூங்குமூஞ்சிப் பாதிரியில் ஒரு நாற்காலி

ஐயையோ, அதுல வேணாம் தம்பி! எந்திரிங்க, எந்திரிங்க... தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த பப்ல பதினேழு நாற்காலி இருக்கு. பதினாலு காலியாத்தான் கெடக்கு. எதுல வேணும்னாலும் சாஞ்சுக்கங்க, ரெண்டு மூணச் சேத்துப் போட்டுக் கூடப் படுத்துக்கங்க, கேக்க ஆளில்ல. இது ஒண்ணு மட்டும் வேணாம். இது வில்ஃப் ட்ரான்டரோட நாற்காலி. யாருய்யா அந்த வில்ஃப் ட்ரான்டர்னு கேப்பீங்க. நான்தான்.

ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்குள்ள ஆள் உக்காந்தாச்சு, பாருங்க! சரி விடுங்க, தெரியாமத்தான செஞ்சீங்க. அந்த முக்காலிய இழுத்துப் போட்டுக்கங்க, நெருப்புப் பக்கமா. எதிர்ல தூங்குறாரே, அவரு ஈனோக். தபால்காரரா இருந்து ரிடையர் ஆனவரு. பக்கத்து நாற்காலியில சுருண்டு கெடக்குறது அவரு நாய், கிளாடிஸ். பயப்படாதீங்க, ரெண்டு பேருக்குமே காது மந்தம், ரெண்டு பேருக்குமே பல்லு கெடையாது. பைய மேஜை மேல வெக்காதீங்க, கீழ வெய்ங்க... யப்பா, என்ன கனம்! உள்ள இரும்பா கொண்டாந்தீங்க?

என்ன வாங்கினீங்க? மைல்டு பீரா? பேஷ். ஆனா... அரை கிளாஸா?

ஓகோ. அரை கிளாஸ். சட்டைப் பையில நோட்டு. காதுல பென்சில். உள்ள வந்ததும் மொதல்ல மேஜை மேல இருக்குற பீர் பம்பைத்தான் பாத்தீங்க, மனுஷங்களப் பாக்கல. அத நான் கவனிச்சேன். குனிஞ்சு அடியில எல்லாம் பாத்தீங்க. சரி சரி! நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம். பப்பு பப்பாப் போய் பீருக்கு மார்க்குப் போடுற பீர் சங்கத்துக்காரங்க யாரும் தான் யாருன்னு வெளிய சொல்ல மாட்டாங்க. ஏன் அரை கிளாஸ்னு கேட்டா, வேன் ஓட்டணும்பாங்க... பாத்தீங்களா, பாத்தீங்களா, அதையே சொல்றீங்க!

குடிங்க. மெதுவா. வெளிச்சத்துல காட்டிப் பாருங்க... கறுப்பு மாதிரித் தெரியும், கறுப்பில்ல, ஓரத்துல செவப்பு அடிக்கும். கேஸ் அடைச்சு நொரை கக்குற சமாச்சாரம் இல்ல தம்பி இது. உயிரோட இருக்குற பீர். பீப்பாய்க்குள்ளயே புளிச்சு, பீப்பாய்க்குள்ளயே அடங்கி, கையால இழுத்தாத்தான் மேல வரும். பீப்பாய எறக்கி வெச்சா ஒரு நாள் அசைக்கக் கூடாது. மேல மரமுளைய அடிச்சு மூச்சு விட வெக்கணும். நோரீன் இருக்காளே, இந்த பப்போட மொதலாளியம்மா, அவ அதைக் கொழந்தை மாதிரிப் பாத்துப்பா. இப்பக்கூட கீழ நெலவறையிலதான் இருக்கா. கடைசிச் சொட்டு வரைக்கும் தெளிவா வரணும்னு பீப்பாய மெள்ளச் சாய்ச்சுக்கிட்டிருக்கா. பாவம்.

பாவம்னு ஏன் சொல்றேன்னா... அட, எங்க ஆரம்பிக்கிறது? அங்க பாருங்க, பார் மேஜையில. ஒரு பம்பு. பக்கத்துல மூணு ஓட்டை, அட்டைய வெச்சு மூடியிருக்கா. போன வருஷம் வரைக்கும் நாலு பம்பு, நாலு பீர்! இந்தப் பீருக்கு ஒரு கெட்ட குணம். பீப்பாயத் தெறந்துட்டா மூணு நாளு, மிஞ்சினா நாலு. அதுக்குள்ள குடிச்சுத் தீக்கணும். இல்லேன்னா காத்துப் பட்டு வினிகராயிடும். ஒரு பீப்பாய்க்கு எழுபது கிளாஸ் தம்பி! குடிக்க யாரு இருக்கா? நானும் ஈனோக்கும். கிளாடிஸ் ஒரு தட்டு குடிக்கும், டாக்டர் அதையும் வேணாங்குறாரு.

அதான் நோரீன் திங்கக்கெழம சொல்லிட்டா. "வில்ஃப், இதான் கடைசி சோதனை. வியாழக்கெழம மூணு மணிக்குள்ள இந்தப் பீப்பாய் காலியாகணும். ஆகலேன்னா பம்பக் கழட்டிட்டு கேஸ் பீர் கொழாய் போட்டுருவேன்"னுட்டா. ஆளுக்கும் சொல்லியாச்சு. மூணு மணிக்கு எவனோ ஒரு கட்டையில போறவன் ஸ்பானரத் தூக்கிக்கிட்டு வரானாம். வரட்டும்! அந்தப் பம்பு மேல கைய வெக்கட்டும், அப்புறம் இருக்கு... இருமுறீங்களே, பொறையேறிடுச்சா? தண்ணி வேணுமா? இந்தாங்க, பன்னித்தோல் வறுவல் கடிச்சுக்கங்க. பல்லு ஜாக்கிரதை. ஈனோக் பல்லு போனது இதுலதான்.

மணி என்ன இப்ப? ரெண்டு இருவது. இன்னும் பத்துப் பன்னெண்டு கிளாஸ் இருக்கும். திங்கக்கெழமலேருந்து நான் முப்பது குடிச்சிருக்கேன் தம்பி. இந்த வயசுல! மூணு பர்சென்ட்தான், போதை ஏறாது. ஆனா எத்தனை தடவை பாத்ரூம்! அதனாலதான் நாற்காலியக் கோட்டை விட்டேன்.

இவ்வளவுக்கும் யாரு காரணம்ங்குறீங்க? ஒரு ஆளு! ஒரே ஒரு கிராதகன்! உங்க சங்கத்துலதான் இருக்கான். நீங்களே விசாரிச்சுப் பாருங்க. வருஷா வருஷம் சங்கம் புத்தகம் போடுமில்ல, நல்ல பீர் எங்க கெடைக்கும்னு? நம்ம பப்பு, 'தூங்குமூஞ்சிப் பாதிரி', பதினோரு வருஷம் அதுல இருந்துச்சு. பதினோரு வருஷம்! வெளிய போர்டுல பிரசங்க மேடையில வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாரே பாதிரியாரு, அவரு படத்தையே ஒரு தடவை அட்டையில போடுறதாச் சொன்னாங்க, போடல. போகட்டும். போன செப்டம்பர் புத்தகத்தப் பொரட்டினா... பேரே இல்ல. நோரீன் மூணு தடவை பொரட்டினா. கண்ணாடியத் தொடச்சுட்டு மறுபடி பொரட்டினா. எனக்குப் பாக்கவே முடியல தம்பி.

என்னான்னா, எவனோ சங்கத்து வெப்சைட்டுல அஞ்சுக்கு ஒண்ணு மார்க்குப் போட்டிருக்கான். ஒரு தடவையில்ல, ஆறு தடவை. ஆறு ஞாயித்துக்கெழம! குளிர்காலத்துல இந்தப் பக்கம் வேற எவன் மார்க்குப் போட வரான்? அந்த ஆறுதான் கணக்குல சேந்துது. குறிப்பு வேற எழுதியிருக்கான், "பீரில் நனைந்த நாய் வாடை"ன்னு.

சரி, ஒண்ணு ஒத்துக்கணும். புத்தகத்துல பேரு வந்தா எல்லாமே சொகம்னும் இல்ல. கூட்டம் வரும் பாருங்க... பஸ்ஸு வெச்சுக்கிட்டு! கையில புத்தகம், ஒரு மொடக்கு குடிக்கிறது, பேருக்கு நேரா டிக் அடிக்கிறது, அடுத்த பப்புக்கு ஓடுறது. இது என்ன குடியா, கோயில் கோயிலாப் போய் எண்ணிட்டு வர்றதா? வணக்கம் சொல்ல மாட்டான், வானம் எப்படின்னு கேக்க மாட்டான். வந்ததும் "உங்க பீர் என்ன டெம்பரேச்சர்?"ங்குறான்! வினிகர்ல ஊறப்போட்ட முட்டையெல்லாம் ஒரே நாள்ல காலி பண்ணிட்டுப் போவான், ஈனோக்குக்கு ஒண்ணு கெடைக்காது.

போன வருஷம் பிப்ரவரி. ஒரு ஞாயித்துக்கெழம. வுல்வர்ஹாம்ப்டன்லேருந்து பதினாலு பேரு. அன்னிக்கு எட்னா பொறந்த நாளு. எட்னா என் பொண்டாட்டி, போய் ஆறு வருஷமாச்சு. இந்த மெத்தை இருக்குல்ல, என் அடியில, அவ தெச்சது. அவ தெச்சதுலயே கோணலா வந்தது இது ஒண்ணுதான். வீட்டுல இருந்தா மானம் போகும்னு இங்க குடுத்தனுப்பிட்டா. அவ பொறந்த நாளன்னிக்கு மட்டும் ரெண்டு கிளாஸ் வாங்கி, ஒண்ண எதிர்ல வெச்சுக்கிட்டு உக்காருவேன். வேற ஒண்ணும் கெடையாது, அழுகை கிழுகையெல்லாம் கெடையாது. சும்மா உக்காருவேன்.

அன்னிக்கு வந்தா, இதுல ஒரு தடியன் உக்காந்திருக்கான். எட்னா மெத்தை மேல! மேல ஆட்டுக்கறிக் கொழம்பு வேற சிந்தியிருக்கான். "ஐயா, இது என் எடம்"னேன். "எங்கயும் பேரு எழுதலையே தாத்தா"ன்னான். மத்த பதிமூணு பேரும் சிரிச்சானுங்க. தம்பி, நான் பாத்ரூம் கதவுக்குப் பக்கத்துல நின்னேன். ரெண்டு கையில ரெண்டு கிளாஸு. என்னோடது, எட்னாவோடது. போறவன் வர்றவன் எல்லாம் இடிச்சுட்டுப் போறான். ரெண்டையும் நின்னுக்கிட்டே குடிச்சேன். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம், அப்படி ஒரு ஆத்திரம்! வீட்டுக்குப் போனேன், கோட்டைக்கூடக் கழட்டல, கம்ப்யூட்டரத் தெறந்தேன், ஒண்ணுன்னு...

...அதாவது... ஒண்ணுன்னு... யாராவது போட்டிருந்தாக்கூட, ஒரு நியாயம் இருந்திருக்கும்னு சொல்ல வரேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

சரிய்யா! சரி! நான்தான்! மெள்ளப் பேசுங்க... நீங்க எங்க பேசுனீங்க, நான் மெள்ளப் பேசுறேன். நானும் சங்கத்துல மெம்பர்தான், இருவது வருஷமா. ஒரே ஒரு தடவைதான் போடணும்னு நெனச்சேன். போட்டதும் அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டம் வரல. அது மழையால வரல, எனக்கு எங்க தெரியும்? அட, வேலை செய்யுதேன்னு இன்னொண்ணு போட்டேன். அப்புறம் இன்னொண்ணு. நாய் வாடை பொய்யில்ல தம்பி! வாடை அடிச்சுது! பீர்லேருந்து இல்ல... கிளாடிஸ்கிட்டேருந்து. அன்னிக்கு மழையில நனைஞ்சு வந்திருந்துச்சு.

நூறு பேரு மார்க்குப் போடுவாங்க, அதுல நம்ம மார்க்கு எந்த மூலைக்குன்னு நெனச்சேன். போட்டது நான் ஒருத்தன்தான்னு யாரு கண்டா? நாற்காலி கெடைக்கணும்னு நெனச்சேன், கெடைச்சுது. இப்ப பதினேழும் என்னோடதுதான். உக்காந்து குடிக்கப் பீர்தான் இல்ல. எனக்கு என் மேலயே வெறுப்பா இருக்கு தம்பி. நோரீன் மூஞ்சியப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியல. அதனால... நீங்க நல்ல மனுஷன். அஞ்சுக்கு நாலு போட்ருங்க. நாலரை போட்டாலும் நான் வேணாங்கல. அவளுக்கு மட்டும் இது தெரிய வேணாம். அவ கீழ இருக்கா, ஒண்ணும் கேக்கா...

நோரீன்.

எப்ப மேல வந்தே? ...கேக்குறதுக்கு மேல வரவே வேணாமா? நெலவறை மூடி தெறந்துதான் இருக்கா. ஆமா. தெறந்துதான் இருக்கு. எல்லாமே கேட்டுச்சா? நாய் வாடையுமா?

முன்னாடியே தெரியுமா! எப்படி... ஆமா, பஸ்ஸு வந்த மொத ஞாயித்துக்கெழமய விட்டா, மத்த அஞ்சும் நானும் ஈனோக்கும்தான் இருந்தோம். ஈனோக்குக்கு கம்ப்யூட்டர் ஏது? சரி. அப்ப ஏன் நீ கேக்கல? ...ம். என் வாயாலயே வரட்டும்னு. செப்டம்பர்லேருந்து தெனம் எனக்கு ஊத்திக் குடுத்துக்கிட்டு, வாயே தெறக்காம... நோரீன், என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்ல? இதுக்கு அதுவே தேவலை.

என்ன தம்பிகிட்ட சொல்றே? "நீங்க வந்த வேலை இப்ப வேணாம்"னா? அவரு என்ன வேலையா வந்தாரு? பையத் தெறக்குறாரு... ஸ்பானர். ரெண்டு ஸ்பானர். அட மனுஷா! அந்த ஆளு நீங்கதானா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ...ஆமா. நான் எங்க விட்டேன்.

அப்ப பம்பு இருக்குமா நோரீன்? நெஜமாவா? மைல்டு வருமா? ...சொல்லு, என்ன வேணும்னாலும் செய்யுறேன். சனிக்கெழம சங்கக் கூட்டத்துல எந்திரிச்சு சொல்லணுமா? எல்லார் முன்னாடியுமா? ...சரி. சொல்றேன். நாயப் பத்தியும் சொல்றேன். அவ்வளவுதான?

இன்னொண்ணா? பம்பு இருக்கும்... நாற்காலி போகணுமா! இந்த எடத்துல நாலு பேரு உக்கார்ற பெஞ்சு போடப்போறியா? வர்றவங்க உக்காரட்டும்னு... நோரீன், முப்பத்தொரு வருஷம்...

சரி. சரிம்மா. எந்திரிச்சுட்டேன். பாரு, எந்திரிச்சுட்டேன்.

தம்பி, பாத்துத் தூக்குங்க, பின்னங்கால் ஒண்ணு ஆடும். வேன்ல படுக்க வெச்சே கொண்டு போங்க. பம்பக் கழட்ட வந்தவரு நாற்காலியத் தூக்கிட்டுப் போறாரு, என் நேரத்தப் பாரு. ஏய் தம்பி! மெத்தை! மெத்தைய மட்டும் குடுத்துட்டுப் போங்க... ஆ, புடிச்சுட்டேன். நல்லாயிருங்க.

அரை கிளாஸ அப்படியே வெச்சுட்டுப் போய்ட்டாரே. குடு நோரீன், வீணாக்கக் கூடாது. ம்... அருமையா இருக்கு. நெஜமாச் சொல்றேன், அஞ்சுக்கு அஞ்சு.

முட்டி வலிக்குது, முக்காலியில எல்லாம் என்னால குந்த முடியாது. ஈனோக்! ஏய் ஈனோக், எந்திரி. நெருப்புப் பக்கம் ஒன்னோடத விட்டா ஒரு நாற்காலிதான் இருக்கு, அந்த நாயக் கொஞ்சம் எறக்கி விடேன், நான் உக்காந்துக்கறேன்.

என்னது? ...அது கிளாடிஸோட எடமா?