கோசிமோ வீட்டுக்கு ஒரு ட்ரே பாஸ்தா

அசுந்தா: ...அதுல உப்பு போட்டாச்சு. நீ வேற போட்டுத் தொலைக்காத.

தெக்லா: போடலக்கா. சும்மா மூடியைத் திறந்து பார்த்தேன்.

அசுந்தா: பார்க்கிறவ கையில உப்பு டப்பா எதுக்குடி?

தெக்லா: சரி, வச்சுட்டேன். பரங்கிக்காய் என்னமா வெந்திருக்கு... கோசிமோ குடுத்து வச்சவன்.

அசுந்தா: செத்தவன் எப்படிடி குடுத்து வச்சவன்?

தெக்லா: உன் கையால அவன் வீட்டுக்கு பாஸ்தா போகுதே. உயிரோட இருந்தப்ப அது நடந்துச்சா?

அசுந்தா: அவனுக்கு எவ பண்றா? என் தங்கச்சி நினெத்தாவுக்குப் பண்றேன். புருஷன் போன வீட்டுல அடுப்பு எரியாது. ஊர்தான் மாத்தி மாத்தி சோறு கொண்டு போகணும். தெரியாத மாதிரி கேக்குற.

தெக்லா: ஊர் கொண்டு போகும். இத்தனை வருஷமா பேசாத அக்காதான் முதல் ஆளா போகணும்னு பாதிரியார் சொன்னாரா?

அசுந்தா: காளானை நறுக்கு. வாயால இல்ல, கத்தியால.

தெக்லா: நறுக்குறேன்... கறி போடலியாக்கா?

அசுந்தா: சாவு வீட்டுக்குக் கறியா? எந்த ஊர்லடி வளர்ந்த நீ?

தெக்லா: இல்ல, அந்த ஞானஸ்நான விருந்துக்குக் கறி போட்டுதானே பண்ண. அதைத்தானே கோசிமோ...

அசுந்தா: அந்தப் பேச்சை எடுக்காத.

தெக்லா: நான் எடுக்கல. ஊரே இன்னும் சொல்லுது. "மதினி, மிச்சம் இருந்தா குடுங்க, கொல்லைச் சுவர்ல ஒரு ஓட்டை இருக்கு, பூசிடறேன்"னு...

அசுந்தா: அவன் சொன்னதைக்கூட விட்டுடுவேன். பிறந்ததுலேருந்தே அவன் வாய் அப்படித்தான். இவ சிரிச்சா பாரு... என் கூடப் பிறந்தவ. மத்த எல்லாரையும் விட சத்தமா சிரிச்சா.

தெக்லா: அதுக்கு நீ ட்ரேயைத் தூக்கிட்டு நடு விருந்துல கிளம்பிட்ட. அத்தனை பேரும் முள்கரண்டியைப் பிடிச்சுட்டு உன் முதுகைப் பார்த்துட்டு இருந்தோம்.

அசுந்தா: சுவர் பூசுற பாஸ்தா உங்களுக்கு எதுக்கு?

தெக்லா: அப்புறம் அதை யாருக்கா சாப்பிட்டா?

அசுந்தா: நான்தான். தனியா உக்காந்து, தீர்ற வரைக்கும்... கொஞ்சம் கெட்டியாத்தான் இருந்துச்சு.

தெக்லா: என்ன சொன்ன?

அசுந்தா: ஒண்ணும் சொல்லல. பாலை எடு.

தெக்லா: இன்னுமா பால்? மாவுக் குழம்பு இப்பவே ஆறாட்டம் ஓடுது.

அசுந்தா: ஓடட்டும். அடுப்புல இறுகும். நீ காலிஃபிளவரைப் பரப்பு... ஒரே மூலையில குவிக்காதடி, உன் மாமியாரா சாப்பிடப் போறா?

தெக்லா: என் மாமியாருக்குன்னா அந்த உப்பு டப்பாவைக் கவுத்திருப்பேன். ஏன்க்கா, உன் தங்கச்சி உன்னை உள்ள விடலேன்னா?

அசுந்தா: சாவு வீட்டு வாசல்ல பழைய சண்டையை யாரு பாக்க முடியும்? சாப்பாட்டோட வந்தவளைத் திருப்பி அனுப்பினா ஊர் காறித் துப்பும். அதனாலதான்டி இன்னைக்கு. இன்னைக்கு விட்டா நான் எப்ப போறது? அவ முட்டிக்கு ஆபரேஷன் நடந்ததே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

தெக்லா: அந்தத் துணியை இப்படிக் குடுக்கா, கண்ணைத் துடைச்சுக்கறேன்.

அசுந்தா: என்னடி, வெங்காயமா கண்ணுல?

தெக்லா: வெங்காயம் நறுக்கி எவ்வளவு நேரமாச்சு... அக்கா, ஒண்ணு கேக்கவா? கோசிமோ செத்துட்டான்னு நான் வந்து சொன்னப்ப நீ அழவும் இல்ல, சிலுவை போடவும் இல்ல. நேரா பரங்கிக்காயை எடுத்து வெட்ட ஆரம்பிச்ச. எந்தக் கோசிமோன்னுகூடக் கேக்கல.

அசுந்தா: கேக்கணுமா?

தெக்லா: தாத்தா பேரை எல்லாப் பேரனுக்கும் வச்ச குடும்பம். அந்த வீட்டுப் பக்கம் கல்லெறிஞ்சா ஏதாவது ஒரு கோசிமோ மேலதான் விழும். சாவு நோட்டீஸ் சர்ச் சுவர்ல ஒட்டியிருக்கே, நீ பாக்கலியா?

அசுந்தா: கண்ணாடி எடுத்துட்டுப் போகல.

தெக்லா: கண்ணாடி உன் மூக்கு மேலயேதான் குடியிருக்கு. நோட்டீஸ்ல தொண்ணூறு வயசுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

அசுந்தா: சீஸைத் தூவு. ஓரம் வரைக்கும்.

தெக்லா: செத்தது மேட்டுத் தெரு கோசிமோ. உன் தங்கச்சி புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்.

அசுந்தா: தெரியும்.

தெக்லா: தெரியுமா?

அசுந்தா: நீ வர்றதுக்கு முன்னாடியே சந்தையில பார்த்தேன். எனக்கு முன்னாடி நின்னு நல்ல காளானா எல்லாத்தையும் பொறுக்கிட்டு இருந்தான் கடங்காரன்.

தெக்லா: அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?

அசுந்தா: உயிரோட இருக்கிறவன் வீட்டுக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுட்டுப் போவேன்? மன்னிச்சிருன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆள் மாறிப்போச்சுன்னு ட்ரேயோட உள்ள நுழைஞ்சுட்டா போதும். பழியை உன் மேல போட்டுடலாம்னு இருந்தேன். அவங்க சிரிப்பாங்க. இந்தத் தடவை சிரிச்சுட்டுப் போகட்டும்.

தெக்லா: நினெத்தா அக்கா சிரிக்க மாட்டா.

அசுந்தா: உனக்கெப்படித் தெரியும்?... இரு. நோட்டீஸைப் படிச்சிருக்க. மேட்டுத் தெரு கோசிமோன்னு நீ ஏன்டி முதல்லயே சொல்லல?

தெக்லா: ட்ரேயை உள்ள வைக்கட்டுமா?

அசுந்தா: சொல்லுடி.

தெக்லா: என்னை இங்க அனுப்பினதே அவதான்க்கா. "கோசிமோ செத்துட்டான்னு மட்டும் சொல்லு, எந்தக் கோசிமோன்னு கேட்டாலும் உளறிடாத"ன்னா. புருஷனைப் பட்டினி போட்டுட்டு, கறுப்பு உடுத்தி, வாசல் கதவைத் திறந்து வச்சு உக்காந்திருக்கா.