பார்க்கக் கூடாத முகம்

— டேய் கறுப்பா, வாசல்ல நிக்கிற ஆளுகிட்டச் சொல்லு. கதவுல கை வைக்கக் கூடாது.

— நாய் என் வண்டிக்கடியில சுருண்டு கிடக்கு. அது எப்படிச் சொல்லும்? எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க யானபாம்மா. நான் டெல்வின்.

— யாருன்னு எனக்குத் தெரியும்னு சொல்லு கறுப்பா. எட்டு வருஷமா அந்த வண்டி இருமுற சத்தம் கேட்டாலே போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிறவ நான். மாமியாளும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்தா கண்ணு அவிஞ்சு போகும். நம்ம நவஹோ குடியில பொறந்தவனுக்கு இதையும் சொல்லிக் கொடுக்கணுமா?

— அதெல்லாம் மருமகனா இருந்தப்ப. அக்டோபர்ல உங்க பொண்ணு என் சேணத்தையும் துணி மூட்டையையும் வாசல்ல தூக்கி வச்சா. நம்ம வழக்கத்துல அப்படி வச்சாச்சுன்னா கல்யாணம் தீர்ந்தது. இப்ப நான் யாரோ ஒருத்தன். யாரோ ஒருத்தன் பார்த்தா யார் கண்ணும் போகாது.

— யாரோ ஒருத்தன் எதுக்கு இந்தப் பனியில இருபது மைல் வண்டியை உருட்டிக்கிட்டு வந்தானாம்?

— வெர்னா கடைக்குப் போன் பண்ணியிருக்கா. "எங்கம்மா வீட்டுல புகை வருதான்னு யாராவது போய்ப் பாருங்க"ன்னு. யாராவதுன்னுதான் சொன்னாளாம். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

— பார்த்தாச்சில்ல? போகச் சொல்லு.

— புகை வரலையே.

— அதுக்கென்ன இப்ப? வெயில் அடிக்குது.

— வெயிலா! தொட்டித் தண்ணி கோடாலியால அடிச்சாலும் உடைய மாட்டேங்குது. முந்தாநாள் காத்து பாலைவனத்துச் செம்மண்ணையெல்லாம் வாரி இறைச்சுது. நேத்து மழை. விடிஞ்சு பார்த்தா சுஸ்கா மலை உச்சியிலேர்ந்து உங்க ஆட்டுப் பட்டி வரைக்கும் ஒரே வெள்ளை. உங்க வாசல்ல முழங்கால் பனி. அதுல ஒரு காலடி இல்ல. நீங்க வெளியவே வரலை.

— வர வேணாம்னு இருந்தேன்.

— பட்டியில ஆடு கத்துறது காதுல விழுந்தும்? அந்தக் காது மடிஞ்ச கிழட்டு ஆடு குட்டி வேற போட்டிருக்கு.

— போட்டிருச்சா? ஆணா, பொட்டையா? நக்கிச்சா? பால் குடிச்சுதா?

— இப்பக் கேட்டது நாய்கிட்டயா, என்கிட்டயா?

— ...பொட்டையான்னு கேட்டேன்.

— பொட்டை. குடிச்சிட்டு நிக்குது. வைக்கோல் போட்டுட்டேன். வர்ற வழியிலயே உங்க தங்கச்சிகிட்ட, புகையைக் காணோம், வெர்னாவுக்குச் சொல்லிடுங்கன்னேன்; மத்தியானம் அவங்க குதிரையில வந்து ஆட்டைப் பார்த்துக்கிறாங்களாம். ஆட்டுக் கதை முடிஞ்சுது. இப்ப உங்க கதையைச் சொல்லுங்க. என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகலை. காத்து புகைக்குழாயைப் பிடிச்சு ஆட்டுச்சு. ஸ்டூல்ல ஏறிக் கம்பியை முறுக்கினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். காலுக்குக் கொஞ்சம் கோபம்.

— எப்ப?

— நேத்து, மழை ஆரம்பிக்கிறப்ப.

— நேத்துலேர்ந்து தரையிலயா? அடுப்பு இல்லாமலா? இருங்க, உள்ள வரேன்.

— வந்தே, இந்த விறகுக்கட்டை உன் மண்டையில விழும். கால்தான் போச்சு, கை இருக்கு.

— யானபாம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. மண்ணு இப்பக் கல்லு மாதிரி உறைஞ்சிருக்கு. ஒரு மணி நேரத்துல வெயில் ஏறிடும். ஏறினா ரோடு முழுக்கச் சேறு, வண்டி அச்சு வரைக்கும் இறங்கும். அப்புறம் நீங்களும் நானும் நாலு நாளைக்கு இங்கதான். ரேடியோவுல பின்னாலயே இன்னொரு புயல் வருதுன்னான். அந்தக் காலோட இன்னொரு ராத்திரி தாங்குமா?

— வேற யாரையாவது அனுப்பு.

— வேற யாரு இருக்கா? அவ்வளவு வெறுப்பா என் மேல? சரி, தப்புப் பண்ணினேன். வெர்னா ஆட்டை அவகிட்டக் கேக்காம வித்து டயர் வாங்கினேன். ஆடு பொம்பளைங்க சொத்துன்னு தெரிஞ்சும் பண்ணினேன். அதுக்காக நீங்க செத்துப்போகணுமா?

— கழுத்துல துண்டு இருக்கா?

— இருக்கு.

— கண்ணைக் கட்டு. இறுக்கிக் கட்டு. அப்புறம் கதவைத் திற.

— நீங்கதான் போர்வையில மூடியிருப்பீங்களே. நான் எதுக்குக் கட்டணும்?

— நழுவிட்டா? உன் கண்ணு போனா யாரு வண்டி ஓட்டுறது?

— ரெண்டு பேரும் மூடிக்கிட்டா யாரு வழி பார்க்கிறது?

— போர்வை ஓரமா உன் காலைப் பார்ப்பேன். காலைப் பார்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. கட்டிட்டியா?

— கட்டிட்டேன். உள்ள வந்துட்டேன். குரல் இதோ வலப்பக்கம் கேக்குது, ரெண்டே எட்டு.

— நில்லு! வலப்பக்கம் திரும்பாதே. கிழக்கு வாசல் வீடு, சூரியன் போற வழியா இடப்பக்கம் சுத்தி வா.

— யானபாம்மா! கால் உடைஞ்சு கிடக்கீங்க!

— கால்தான் உடைஞ்சுது, முறை உடையலை. தெற்குச் சுவரைப் பிடி. ம். அது மாவு மூட்டை, தாண்டு. இப்ப மேற்கு. குனி, தறி இருக்கு. குனின்னேன்ல!

— ஐயோ, நெத்தி!

— பாவு நூல் அறுந்துதா?

— என் நெத்தியைக் கேளுங்க!

— நெத்தி தானா ஆறும். இன்னும் மூணு எட்டு. பூட்ஸ்ல ஓட்டை இருக்கே. புது டயர் வாங்கினவன் ஒரு பூட்ஸ் வாங்கியிருக்கலாம்.

— வந்துட்டேன். கால் எது? இதுவா... ரொம்ப வீங்கியிருக்கு. ரெண்டு பலகை வச்சுக் கட்டுறேன். வலிச்சாக் கத்துங்க.

— கத்தினா ஆடு பயப்படும். கட்டு.

— ...கட்டியாச்சு. தூக்குறேன். அடேயப்பா!

— எல்லாம் ஆட்டுக் கொழுப்பு. வெக்கப்படுறதுக்கு ஒண்ணுமில்ல. மெதுவா, வடக்குச் சுவரோரமாப் போ. வாசல் வந்திருச்சு. என் தலையை நல்லா மூடிட்டேன், இப்ப கண்ணுக்கட்டை அவுத்துக்கோ.

— ஏறியாச்சு. காலை இந்த மூட்டை மேல வைங்க. கறுப்பா, நீ பின்னால ஏறு! போலாமா?

— கதையளக்காம ஓட்டு. வெயில் முதுகுல சுடுது.

— பிடிச்சுக்கோங்க, ஏத்தம் வருது.

— இந்த வண்டி முன்னெல்லாம் இந்த ஏத்தத்துல பின்னால போகும். இன்னிக்கு நல்லாப் பிடிக்குதே.

— டயர்.

— எது? வெர்னா ஆட்டை வித்து வாங்கினதா?

— அதேதான்.

— ம்ம்... நிறுத்து! ஓடையா இது?

— ஆமா. மேல உறைஞ்சிருக்கு. போயிடலாம்.

— இன்ஜினை அணை. கேளு. அடியில தண்ணி பேசுது பாரு. மலையில பனி உருக ஆரம்பிச்சிருச்சு. இங்க இறங்கினா டயரும் இல்ல, நீயும் இல்ல. மேல போ, ரெண்டு மரம் நிக்கும். அங்க அடியில பாறை.

— போர்வைக்குள்ள இருந்துக்கிட்டு இவ்வளவும் தெரியுதா?

— நாப்பது வருஷம் ஆடு ஓட்டினவ. கண்ணைக் கொண்டா ஆடு மேய்ப்பாங்க? வலப்பக்கம். இன்னும். இப்ப இறங்கு. நிறுத்தாதே, மிதி!

— ஏறிட்டோம்! ஏறிட்டோம் யானபாம்மா!

— நான் சொன்னா ஏறாம என்ன?

— தார் ரோடு தெரியுது. அதோ ஆஸ்பத்திரி வண்டி. பக்கத்துல வெர்னா நிக்கிறா. புகை வரலைன்னு உங்க தங்கச்சி சொல்லிவிட்டிருப்பாங்க. உங்களை அதுல ஏத்திவிட்டுட்டு நான் அப்படியே திரும்பிடறேன்.

— என்ன அவசரம்?

— அவ முகத்துல எப்படி முழிக்கிறது?

— கண்ணைத் திறந்துதான்.

— அம்மா! அம்மா, நான் வெர்னா. காலுக்கு என்ன ஆச்சு? கை ஐஸ் மாதிரி இருக்கே... டெல்வின், நீங்க எப்படி... சரி, அந்தப் பக்கம் பிடிங்க. அம்மா, முதல்ல அந்தப் போர்வையைத் தலையிலேர்ந்து எடு, மூச்சு முட்டும்.

— எடுக்க மாட்டேன்.

— இவரு முன்னால இன்னும் எதுக்கும்மா? அதான் அக்டோபர்லயே நான் அனுப்பிட்டேனே.

— நீ அனுப்பினது உன் புருஷனை. என் மருமகனை நான் இன்னும் அனுப்பலை.